பஞ்சர் பை

"இந்த வயசில் ஏற்காட்டு மலையில் சைக்கிளா?" என்று கேட்காதவர் பாக்கியில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் மிதித்து ஏறுவதில்லை. மகன் காரில் கொண்டுபோய் மேலே விடுவான். காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதைதான் என் மைதானம். அங்கே பஞ்சர் கடை கிடையாது. பல இடங்களில் செல்போனும் எடுக்காது. பொழுது சாய்ந்தால் காட்டெருமை வரும்.

அதனால் வீட்டம்மா ஒரு பரீட்சை வைத்தார். "ஏங்க, நீங்களே பதினைந்து நிமிஷத்தில் டியூப் மாத்திக் காட்டுங்க, அப்புறம் போங்க." திண்ணையில் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

நம் காலத்துப் பஞ்சர் கடை உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, சொல்யூஷன் காயும்வரை ஊதிக்கொண்டிருப்பது. அதெல்லாம் வீட்டில் செய்யவேண்டிய வேலை. மலையில் ஒட்டிக்கொண்டிருக்காமல் புது டியூபை மாட்டிவிடுவதே மேல் என்பது என் கட்சி. சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் ஒரு டியூப், இரண்டு பிளாஸ்டிக் நெம்புகோல், கைப்பம்பு இருக்கும். ஒட்டும் சாமானும் உண்டு, இரண்டாவது பஞ்சருக்காக. சொல்யூஷன் மட்டும் ஒருமுறை திறந்தால் மூடி வைத்தாலும் சில மாதத்தில் காய்ந்துவிடும். பம்பின் வாய் வால்வுக்குப் பொருந்துகிறதா என்றும் வீட்டிலேயே பார்க்கவேண்டும். கார் வால்வு போலத் தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று.

புது டியூபைப் போடுமுன் டயரின் உட்புறம் விரலை மெதுவாக ஓட்டுங்கள். குத்திய முள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் முள்ளைத் தேடவேண்டாம். காற்று குறைந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைப் பிடிக்காதீர்கள். கட்டைகள் நெருங்கிவிடும், சக்கரம் திரும்ப நுழையாது.

என் கஷ்டமே கட்டைவிரலில்தான். மூட்டுவலி. டயரின் கடைசி ஒரு சாணை ரிம்முக்குள் தள்ள வலு போதவில்லை. முதல் தடவை முப்பத்தைந்து நிமிஷம், ஃபெயில். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடிக்கவேண்டும். டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் தளர்வு கிடைக்கும்.

போன மாதம் பதினாலு நிமிஷம். அம்மணி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பையைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன டார்ச்சும் கடலை மிட்டாயும் இருந்தன.