முட்டிக்கும் தூக்கம் வேண்டும்

"ராத்திரி தூக்கம் எப்படிம்மா?" என்று என்னிடம் முதன்முதலில் கேட்டவர், அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறையிலிருந்த இளம்பெண். அதுவரை பார்த்தவர்கள் எல்லாரும் எக்ஸ்ரேயைத்தான் பார்த்தார்கள். தேய்மானம், வயசானா வரும், மாத்திரை போடுங்க என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்கோ வலியைவிடத் தூக்கம் போனதுதான் பெரிய பாடாக இருந்தது.

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றே காலம் தள்ளியவள் நான். கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில்கூட உட்கார முடியாது. பிரித்துப் போட்ட புடவைகளை மடித்தபடி நிற்க வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் நான் வேலையை விட்டு நின்றாயிற்று. செய்தியைப் படித்தபோது சந்தோஷமும் ஆற்றாமையும் ஒன்றாக வந்தன.

பகலில் ஏதோ வேலையில் வலி மறந்துபோகும். படுத்தால் போதும், வலது முட்டியின் உள்பக்கம் குடைய ஆரம்பிக்கும். ஒருக்களித்தால் ஒரு முட்டி இன்னொன்றின் மேல் அழுந்திச் சுருக்கென்று இழுக்கும். மல்லாந்து நீட்டினால் கொஞ்ச நேரத்தில் மடக்கத் தோன்றும்; மடக்கியதை நீட்டுவதற்குள் உயிர் போய்வரும். தைலம் தேய்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். விடிந்ததும் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுவேன். அன்றைக்கு வலியும் ஒரு படி கூடுதலாகவே இருக்கும்.

அது ஏன் என்று அந்தப் பெண்தான் புரியவைத்தார். தேய்கிற குருத்தெலும்பில் நரம்பே கிடையாதாம். அதைச் சுற்றியிருக்கும் சவ்வும் அடியிலுள்ள எலும்பும்தான் வலிக்கின்றன. அதனால் எக்ஸ்ரேயில் தெரிகிற தேய்மானத்துக்கும் நாம் படும் வலிக்கும் பல நேரம் பொருத்தம் இருக்காது. தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் சக்தி குறையும். வலி கூடினால் தூக்கம் கெடும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார்.

ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணை வைக்கச் சொன்னார். முட்டிக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கத் தூங்கக் கூடாது. இதமாகத்தான் இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுசாக நீளாமல் மடங்கியே நின்றுவிடும்.

அடுத்து பயிற்சி. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்தார். அதைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு விட வேண்டும். "தொடைச் சதை இறுகுதான்னு தொட்டுப் பாருங்க" என்று என் கையை எடுத்து அங்கே வைத்தார். நைந்த பஞ்சு மாதிரிதான் பட்டது. மூட்டுக்கு வருகிற பாரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டியது அந்தச் சதை. காலை அசைக்காதே, படுத்தே இரு என்று அக்கம்பக்கத்தில் அன்பாகச் சொல்வார்கள். அப்படிப் படுத்தே கிடந்தால் முதலில் கரைவது அதுதான். மாடிப்படி ஏறும்போது நல்ல காலும் இறங்கும்போது வலிக்கிற காலும் முன்னே போக வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் அடிக்கு அடி முட்டியின் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையுமாம்.

வலி அடியோடு போகவில்லை. ஆனால் இப்போது பெரும்பாலான இரவுகளில் தூங்குகிறேன். மருந்துக்கடையில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குகிறவர்களைக் கண்டால் பதறுகிறது. வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். முட்டி திடீரென்று சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் தைலத்தோடு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

போன தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். புடவை எடுத்துப் போட்ட பெண் நடுநடுவே குனிந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பின்னால் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் அட்டைப்பெட்டிகள். "பெட்டியை இறக்கி வச்சுட்டு உட்காரும்மா, நான் மெதுவா பாக்குறேன்" என்றேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது முறை தானே தொடையைத் தொட்டுப் பார்த்து, "இறுகுதுக்கா" என்றாள்.