கால் முதலில் பிறந்தவர்கள்

முதுகு பிடித்துக்கொண்டவரைக் குப்புறப் படுக்கவைத்து, பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்த ஒருவரை மிதிக்கச் சொன்னால் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். நம் ஊர்ப்பக்கம் பலருக்கும் தெரிந்த வைத்தியம்தான். நமக்கே உரியது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில் பாதிரியாராக இருந்த வால்டர் கிரெகர் 1881இல் வெளியிட்ட நாட்டார் வழக்காற்று நூலில் இதே வைத்தியம் இருக்கிறது. சுளுக்கு, இடுப்புப் பிடிப்பு, வாதம் எல்லாவற்றுக்கும் அப்படிப் பிறந்தவர் தேய்த்துவிடுவாராம், அல்லது மிதிப்பாராம்; சக்தி பெரும்பாலும் காலில்தான் என்று அங்கும் நம்பினார்கள். மராட்டியத்திலும் இந்த நம்பிக்கை உண்டு. ஒருவரையொருவர் பார்த்திராத இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் எப்படி ஒரே காலைத் தேடிப் போனார்கள் என்பது என்னை விடவே இல்லை.

எங்கள் தெருவில் அப்படிப் பிறந்தவர் ஒரு அத்தை. அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டால் அம்மா என்னைத்தான் அனுப்புவார். அத்தை வந்ததும் முதலில் காலைக் கழுவிக்கொள்வார். அப்பா பாயில் குப்புறக் கிடப்பார், முதுகில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய். அத்தை ஒரு கையால் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொள்வார். உடம்பின் பாரம் முழுக்க இறங்கிவிடாமல் இருக்கத்தான் அந்தப் பிடி. நடு முதுகெலும்பில் கால் படவே படாது. இரண்டு பக்கச் சதையிலும் குதிகாலால் மெல்ல அழுத்தி, கட்டைவிரலால் கீழிருந்து மேலே வழித்துக்கொண்டு வருவார். “மூச்சை அடக்காதீங்கண்ணே, விடுங்க” என்பார். மூன்று முறை. முடிந்ததும் குனிந்து அப்பாவின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். தெரியாமல் கால் பட்டாலே பதறிப்போகிற ஊரில், பெரியவர்கள் முதுகில் கால் வைக்கும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. காசு வாங்கமாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் இதை வைத்துச் சம்பாதித்தவர்களும் உண்டு என்கிறார் கிரெகர்.

மிதித்து முடித்ததும் அப்பாவை எழுப்பி உட்காரவைத்து, “கிணத்தடி வரைக்கும் நடந்துட்டு வாங்க” என்பார் அத்தை. அந்தச் சொல்லில் இருந்த வைத்தியம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. எனக்கு இருப்பது ஆண்டுக்கணக்கான வலி. கீழ் முதுகெலும்பில் எல்4-எல்5 தட்டு பிதுங்கியிருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் பார்த்த பிறகு குனியவே பயந்தேன். 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் 52 சதவீதம் பேருக்கு ஒரு தட்டாவது பிதுங்கியிருந்தது என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது பாதி பாரம் இறங்கியது. திடீரென முதுகு பிடித்துக்கொண்ட ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் செய்து 1995இல் வெளியான ஆய்விலும், படுத்துக் கிடந்தவர்களைவிட முடிந்த அளவுக்கு அன்றாட வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். இப்போது வலி இருக்கும் நாளிலும் நடக்கிறேன், நடக்க நடக்க விடுகிறது. அப்பாவை எழுந்து நடக்கவிடாமல் செய்தது வலி மட்டுமல்ல, பயமும்தான் என்று இன்று நினைக்கிறேன். அந்தப் பயத்தை எடுக்க, நம்பிக்கையான ஒருவர் தொட வேண்டியிருந்தது. ஆனால் கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, எலும்பு தேய்ந்த வயதானவர் என்றாலோ யாரையும் மிதிக்க விடாதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சரி, ஏன் கால்? கால் முதலில் வரும் பிரசவம் மருத்துவச்சியைக் கலங்கடிப்பது. தொப்புள்கொடி முன்னால் நழுவிவிடலாம், கடைசியில் வரும் தலை சிக்கிக்கொள்ளலாம். ரோமானியர்கள் அதைத் துரதிர்ஷ்டமாகவே பார்த்தார்கள். அப்படிப் பிறந்து நன்றாக வாழ்ந்தவர் அநேகமாகத் தளபதி மார்க்கஸ் அக்ரிப்பா ஒருவர்தான் என்று எழுதிவைத்தார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. நம் ஊரும் ஸ்காட்லாந்தின் கரையோர ஊர்களும் வேறு மாதிரி நினைத்தன. சாவை மிதித்துத் தாண்டி வந்த காலாயிற்றே, வலியையும் மிதித்து விரட்டும் என்று நினைத்தோ என்னவோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தன. எனக்கு இந்தத் தீர்ப்புதான் பிடித்திருக்கிறது.

26 நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2000இல் வெளிவந்த பிறகு, தலை திரும்பாத குழந்தை என்றால் பெரும்பாலும் சிசேரியன்தான். எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன. கூடவே, கால் முதலில் பிறந்தவர்கள் என்ற கூட்டமும் குறைந்துகொண்டு வருகிறது. அத்தையின் பேத்தியும் அப்படித் தலை திரும்பாமல் இருந்து, சிசேரியனில் கால் முதலாக எடுக்கப்பட்டவள். அவளுக்கு அந்தச் சக்தி உண்டா என்று அத்தையிடம் கேட்டேன். “எந்த வழியா வந்தா என்ன? கால்தானே முதல்ல வந்துச்சு” என்றார். ஆனாலும், நிலையைப் பிடித்துப் பாரத்தைத் தாங்கிக்கொள்ள அவளுக்கு இன்னும் வரவில்லையாம். அதுவரை யார் முதுகிலும் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறார்.