மூணு மில்லிமீட்டர் நூல்

எங்க சாயில் லேப் பக்கம் வந்திருந்தா பார்த்திருப்பீங்க. நாலு பேர் கண்ணாடித் தகடு மேல களிமண்ணை உருட்டிட்டு இருப்போம். "என்னடா, முறுக்கா சுடுறீங்க?"ன்னு மெக்கானிக்கல் பசங்க கேட்டுட்டுப் போவாங்க. மக்களே, அதுக்குப் பேர் பிளாஸ்டிக் லிமிட் டெஸ்ட்.

425 மைக்ரான் சல்லடையில சலிச்ச மண்ணைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு நூலா உருட்டணும். 3 மி.மீ. தடிமனுக்கு வந்தும் உடையலைன்னா ஈரம் அதிகம். திரும்பப் பிசைஞ்சு உருட்டணும். சரியா 3 மி.மீ.ல நொறுங்குற ஈரப்பதம்தான் பிளாஸ்டிக் லிமிட். அடுத்தது லிக்விட் லிமிட். காசாகிராண்டே கருவியோட கிண்ணத்துல மண்ணை வச்சு, நடுவுல கோடு கீறித் தட்டணும். 25 தட்டுல அந்தக் கோடு 12 மி.மீ. நீளத்துக்கு மூடிக்கிற ஈரப்பதம் அது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ். சுவீடன் நாட்டு வேதியியலாளர் அட்டர்பெர்க் 1911-ல் வகுத்த எல்லைகள் இவை.

"சீனியர் ரெகார்டைப் பார்த்து எழுதிடலாமே?"ன்னு கேட்பீங்க. எழுதலாம். ஆனா சீனியர் ரெகார்டுல எங்க ஊர் மண் இல்லையே.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். முழுக்கக் கரிசல். அங்கதான் அப்பா வீடு கட்டப் போறார். "மூணடி தோண்டினா போதும்"னு கொத்தனார் சொல்லிட்டார். லீவு முடிஞ்சு வரும்போது ஒரு பை மண்ணைக் கொண்டுவந்தேன். லேப்ல அனுமதி வாங்கி டெஸ்ட் பண்ணினதுல லிக்விட் லிமிட் 62, பிளாஸ்டிக் லிமிட் 28, இன்டெக்ஸ் 34. ஐ.எஸ். வகைப்பாட்டுல இது 'சி.ஹெச்.', அதாவது பிளாஸ்டிசிட்டி மிகுந்த களிமண். கரிசல்ல இப்படி வந்தா, மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும்னு எச்சரிக்கையா இருக்கணும்.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு இதைப் போன்ல அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கடைசியில, "அப்பா, சித்திரையில நம்ம காட்டுல கை நுழையுற அளவுக்கு வெடிப்பு விடுமே, அந்த மண்ணு மேலதான் நம்ம சுவரும் நிக்கப்போகுது"ன்னேன். பருத்தி போட்ட மனுசர். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எவ்வளவு ஆழம் போகணும்?"னு கேட்டார்.

இப்ப ஒரு இன்ஜினியர் அண்டர்ரீம்டு பைல் போடச் சொல்லியிருக்கார். அடியில குமிழ் மாதிரி விரிஞ்ச தூண் அது. ஆழமான கரிசல்ல குறைஞ்சது 3.5 மீட்டர் இறங்கணும். செலவு கூடுது. பிளான்ல ஒரு ரூமை அப்பா எடுத்துட்டார்.

ஜூனியர்ஸ், அடுத்த தடவை ஊருக்குப் போனா ஒரு பை மண்ணு கொண்டு வாங்க. நூல் உருட்ட நான் கூட வர்றேன்.