பத்தரைக்கு ஏழரை

நேத்து ராத்திரி ஆபீஸ்ல பில்ட் முடியற வரைக்கும் (நாப்பது நிமிஷம் சாமி!) பழைய செஸ் ஆட்டங்களை மேய்ஞ்சிட்டிருந்தேன். 2009 டிசம்பர், ரஷ்யாவின் எலிஸ்டா. கோர்ச்னாய்க்கு வயசு 78, ஸ்பாஸ்கிக்கு 72. எட்டு ஆட்டம் ஆடி 4-4ன்னு முடிச்சிருக்காங்க.

இதுல என்ன விசேஷம்னு கேக்கறீங்களா? இவங்க பழைய கதை அப்படி. 1968 கேண்டிடேட்ஸ் ஃபைனலில் ஸ்பாஸ்கி ஜெயிச்சார். 1977 கடைசியில் பெல்கிரேடில் மறுபடி ஃபைனல். அதுக்கு முந்தின வருஷம்தான் கோர்ச்னாய் சோவியத்தை விட்டு வெளியேறியிருந்தார். அந்த மேட்ச்ல ஒரு கட்டத்துக்கு மேல ஸ்பாஸ்கி மேஜையிலயே உட்காரலை. தள்ளி இருந்து மேடையில இருந்த பெரிய போர்டைப் பார்த்தே யோசிப்பார். வந்து காயை நகர்த்திட்டுத் திரும்பிப் போயிடுவார். எதிராளி மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கலை போல :-) ஆனா ஜெயிச்சது கோர்ச்னாய், பத்தரைக்கு ஏழரை.

32 வருஷம் கழிச்சு, அதே ரெண்டு பேர், எதிரெதிரே.

ஹாஸ்டல்ல என் ரூம்மேட்டோட விரல் ஒருநாள் யானை மேல பட்டுச்சு. "தொட்டா நகர்த்தணும்"னு அடம்பிடிச்சேன். "தெரியாம பட்டுச்சுடா"ன்னான். விடலை. ஜெயிச்சேன். அதோட பேச்சு நின்னு ஏழு வருஷம். தெரியாமத்தான் பட்டுச்சு. அது எனக்கு அப்பவே தெரியும்.

ராத்திரி மூணு மணிக்கு லிச்செஸ்ல அவன் பேரைத் தேடி ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். வெள்ளைக் காய் அவனுக்கு.

பில்ட் ஃபெயில். அவன்கிட்டேருந்து இன்னும் பதில் வரலை.