வழிகாட்டி நூலும் இரண்டு நாள் புதுச்சேரியும்

கோட்டுச்சேரியிலிருந்து புதுச்சேரி 120 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என ஊர்களைக் கடந்து சென்று சேர வேண்டும். அது நம் ஆட்சிப் பகுதியின் தலைநகர். ஆயினும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது விண்ணப்பம் கொடுக்கும் ஊராகவும், ஜிப்மர் மருத்துவமனையில் சீட்டுப் பெற்றுக் காத்திருக்கும் ஊராகவுமே பழக்கமாகியுள்ளது. பன்முறை சென்று வந்தோரும் அந்நகரைக் கண்டதில்லை எனலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இரண்டு நாள் தங்கிவரச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் குடும்பத்துக்கு, ஒரு வழிகாட்டி நூல் எவ்வகையில் துணை செய்யும் என்பதைச் சற்றே சிந்திப்போம்.

வழிகாட்டி நூல் மேனாட்டார் மட்டும் கண்ட புதுமையன்று. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. சென்று பயன் பெற்றவர், இனிச் செல்வோருக்கு வழியும் ஊரும் உணவும் சொல்லி அனுப்புவதே அவற்றின் இலக்கணம். ஐரோப்பாவில், ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகுவுக்குச் செல்லும் திருப்பயணிகளுக்காக 12ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கையேடு எழுந்தது. எந்த ஆற்றின் நீர் பருகத்தக்கது, எது தீங்கானது என்றுகூட அது எடுத்துரைக்கிறது. அதற்கும் முன்னர், முதல் நூற்றாண்டில், கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளூஸ்’, நம் கிழக்குக் கரையில் பொதுகே என்னும் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்குத் தெற்கே, 1945இல் அகழாய்வு நடந்த அரிக்கமேடே அத்துறைமுகம் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இன்று கைப்பேசி வழி காட்டுகிறதே, நூல் எதற்கு என்று இளைஞர் கேட்பர். எத்தெருவில் திரும்ப வேண்டும் என்பதைக் கைப்பேசி நன்றாகவே சொல்லும். திரும்பிய தெருவில் எதைப் பார்க்க வேண்டும், அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை ஒழுங்குபடச் சொல்வது நல்ல நூல். பெரிய வாய்க்காலின் கிழக்கே வெள்ளையர் பகுதியும் மேற்கே தமிழர் பகுதியுமாக நகர் பிரிந்திருந்ததையும், 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய நகரைப் பிரெஞ்சுக்காரர் 1765இல் திரும்பப் பெற்று மீண்டும் எழுப்பியதையும் அறிந்தபின் நடந்தால், தெருக்களே பாடம் சொல்லும். சம்பா கோவில் என மக்கள் அழைக்கும் மறைமாவட்டப் பேராலயம் 1791ஐச் சேர்ந்தது. கடற்கரையை அடுத்த தூய தேவதூதர்களின் அன்னை ஆலயம் 1855இல் கட்டப்பட்டது. இரயில் நிலையத்தருகே கோதிக் பாணியில் எழுந்த திரு இருதய ஆலயம் 1907இல் நிறைவுற்று, 2011இல் பசிலிக்காவாக உயர்ந்தது. மூன்றையும் ஒரே காலையில் கண்டு முடிக்கலாம். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை எப்பகுதியில் உள்ளது என்பதைத் தேடி அலையவும் வேண்டா.

காலமும் பணமும் குறைந்தோர்க்கே இதன் அருமை மிகுதியும் விளங்கும். ஒரு மாதம் தங்குபவர் வழி தவறினாலும் மறுநாள் உண்டு. இரண்டு நாளே உடையவர், அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை அதன் வாயிலில் நின்று அறிந்தால், அந்த இழப்புக்கு ஈடில்லை. ஆகவே முந்தின இரவே குடும்பத்தார் கூடியமர்ந்து நூலைப் படித்து, நாளொன்றுக்கு நான்கு இடங்களுக்கு மிகாமல் குறித்துக்கொள்வது நலம். முதியோர்க்கு நிழலும் சிறுவர்க்குக் கடற்காற்றும் கிடைக்கும் நேரத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

எனினும் நூலுக்கும் எல்லை உண்டு. கட்டடங்கள் நிற்கும்; கட்டணமும் உணவகமும் மாறும். எனவே அச்சான ஆண்டை முதலில் பார்த்துவிட்டு, விலைகளை விசாரித்துத் தெளிதல் வேண்டும். தெருவில் நடக்கையில் நூலைப் பையில் வைத்துவிட்டு, எதிர்ப்படும் மனிதர் முகத்தைப் பாருங்கள். பூ விற்கும் அம்மாவும் ரிக்‌ஷா ஓட்டும் பெரியவரும் சொல்வது எந்நூலிலும் இராது.

இறுதியாக ஒன்று. அம்மையார் கோயிலைக் காணக் காரைக்காலுக்கும், சனீசுவரனை வழிபடத் திருநள்ளாற்றுக்கும் வரும் வெளியூரார், கோட்டுச்சேரியைப் பேருந்துச் சன்னல் வழியே பார்த்துச் செல்கின்றனர். நம் ஊரின் தெருக்களையும் வாய்க்கால்களையும் பழைய வீடுகளையும் குறித்து, முதியோரைக் கேட்டு, நம் இளைஞர் ஒரு சிறு குறிப்பேடு எழுதலாகாதா? புதுச்சேரியை நூலின் துணையோடு பார்த்துத் திரும்பும் பிள்ளைக்குத் தன் ஊரையும் அவ்வாறே பார்க்கத் தோன்றுமானால், சேர்த்த பணம் நல்ல வழியில் செலவானது என்று பெற்றோர் மகிழலாம்.