பிரித்து விற்ற ஆலையை மறுபடி கட்டிய ஊர்

பி.காம் படிக்கிறவனுக்கும் கடல்நீருக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங்தான் சம்பந்தம். ஒரு மெஷின் வாங்கியாச்சு, இப்போது அதற்கு வேலை இல்லை, வைத்துக்கொள்வதா விற்பதா என்று பரீட்சையில் ஒரு கணக்கு வருமே, ஞாபகம் இருக்கிறதா? போட்ட காசை மறந்துவிடு, இனிமேல் ஆகப்போகும் செலவையும் வரவையும் மட்டும் பார் என்று சார் சொல்லிக் கொடுப்பார். அந்தக் கணக்கை நிஜத்தில் போட்டுப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில், கடலை ஒட்டி, சுமார் 90,000 பேர் வசிக்கும் சாண்டா பார்பரா.

1980களின் கடைசியில் அங்கே கடும் வறட்சி. புல்வெளிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டதும், காய்ந்த புல்லுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டார்களாம் (பணக்கார ஊர் என்றால் வறட்சி கூட இப்படித்தான் வரும் போல). பயந்துபோன நகராட்சி, பக்கத்து மாண்டிசிட்டோ, கொலீட்டா நீர் வாரியங்களைச் சேர்த்துக்கொண்டு, 3.4 கோடி டாலரில் ஒரு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை கட்டியது. ஆலை தயாரான நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. 1992 மார்ச் முதல் ஜூன் வரை ஓடியது, அவ்வளவுதான். பிறகு பூட்டு. கூட்டாளிகள் இரண்டு பேரும் ஒப்பந்தம் முடிந்ததும் கழன்றுகொண்டார்கள். உள்ளே இருந்த சாமான்களில் பெரும்பகுதி சவுதி அரேபியாவுக்கு விற்கப்பட்டது.

எங்கள் பாடப்புத்தகப்படி இது சரியான விடைதான். ஓடாத மெஷினுக்குப் பராமரிப்புச் செலவு எதற்கு?

2011-க்குப் பிறகு மறுபடி வறட்சி. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் கச்சூமா ஏரி 2016 கடைசியில் கொள்ளளவில் 7 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அதற்கு முன்பே, 2015 ஜூலையில், ஆலையைத் திரும்ப எழுப்ப நகரசபை முடிவெடுத்திருந்தது. இந்த முறை செலவு 7 கோடி டாலருக்கு மேல். 2017 மே மாதம் குழாயில் தண்ணீர் வந்தது. நாளுக்குச் சுமார் 1 கோடி லிட்டர், ஊர்த் தேவையில் ஏறக்குறைய 30 சதவீதம்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். மெஷினை விற்றவர்கள் எதை விற்கவில்லை தெரியுமா? அனுமதியை. நிரந்தர ஆலைக்கான கடலோர அனுமதியை 1996-லேயே வாங்கி வைத்திருந்தார்கள். கரையிலிருந்து சுமார் 2,500 அடி தள்ளி கடல்நீரை உறிஞ்சும் குழாய்ப் பாதையும் அப்படியே இருந்தது. கலிபோர்னியாவில் புதிதாக இப்படி ஒரு அனுமதி வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும். பேலன்ஸ் ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று ஒரு வரி போடுவோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பம்பும் சவ்வும் காசு கொடுத்தால் எப்போதும் கிடைக்கும். அதுவும் பழையதைவிட நல்லதாகவே கிடைத்தது: புதிய அமைப்புக்குப் பழைய வடிவமைப்பைவிட 40 சதவீதம் குறைவான மின்சாரம் போதும்.

மின்சாரம் ஏன் இவ்வளவு முக்கியம்? கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதை மெல்லிய சவ்வு வழியாகத் தள்ள, கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்கு அழுத்தம் வேண்டும். இரண்டு லிட்டருக்கு மேல் உள்ளே போனால் ஒரு லிட்டர் குடிநீர் வரும். மீதி, இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்பும். அந்தக் கழிவுநீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதில்தான் இத்தனை வருட முன்னேற்றமும்.

நமக்கும் இதில் ஒரு ஒட்டு உறவு உண்டு. சாண்டா பார்பரா ஆலையை எழுப்பியது ஐடிஇ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை. 2013-ல் திறந்த நம் நெம்மேலி ஆலையை வா டெக் வாபாக்கோடு சேர்ந்து கட்டியதும் இதே ஐடிஇ. அது நாளுக்கு 10 கோடி லிட்டர், அவர்களுடையதைப் போலப் பத்து மடங்கு.

2019 கோடையில் நான் பள்ளிக்கூடம். வேளச்சேரிப் பக்கம் எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த காசை அப்பா டைரியில் தனிப் பக்கம் போட்டு எழுதினார். மே மாதம் அந்தப் பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் வந்தபோது டிவியில் அப்படி ஒரு கூட்டம். சின்னக் கணக்குதான்: அந்த 25 லட்சத்தை நெம்மேலி முழு வேகத்தில் 36 நிமிஷத்தில் கொடுத்துவிடும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "டேய், 2015-ல வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நின்னுச்சே, அந்த வருஷம் இந்த ஆலைக்கு யார் காசு கட்டினா?" என்றார். நியாயமான கேள்வி. நாம்தான் கட்டினோம். ஸ்கூட்டர் மோதாத வருஷமும் இன்சூரன்ஸ் கட்டுகிறோமே என்றேன். "இன்சூரன்ஸ்காரன் கடற்கரையை அரிக்கிறதில்லையே" என்று மடக்கினார். சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிப்பு பற்றிச் சொல்வதை அவர் படித்திருக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதுதான் உண்மை.

ஆனால் காசு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கழன்றுகொண்ட மாண்டிசிட்டோவைப் பாருங்கள். 2020-ல் அதே சாண்டா பார்பராவோடு 50 வருட ஒப்பந்தம் போட்டது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அளவு குறையாத தண்ணீர், அதற்கு வருடா வருடம் கட்டணம். 2023-ல் கச்சூமா ஏரி நிரம்பி வழிந்தது. ஒப்பந்தத்தில் இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

பேரூரில் நாளுக்கு 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். அப்பா அந்தச் செய்தியைக் கத்தரித்து டைரிக்குள் வைத்திருக்கிறார், லாரிக் கணக்குப் பக்கத்திலேயே. எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.