கொள்ளிவாய்ப் பிசாசும் பூசணிக்காய் விளக்கும்

எங்க காலேஜ்ல ஒரு சிறுகதைப் போட்டி அறிவிச்சிருக்காங்க. ஹாலோவீன் பார்ட்டியில் நடக்கிற கதையாக இருக்கணும், அறிவியல் புனைகதையாக இருக்கணும், படிக்கிறவங்களுக்குப் பயமும் வரணுமாம். உத்திரமேரூர்க்காரனுக்கும் ஹாலோவீனுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்க ஊரில் பூசணிக்காயை ஆயுத பூஜைக்கு நடுரோட்டில் போட்டு உடைப்பாங்க, இல்லேன்னா சாம்பாரில் போடுவாங்க. மறுநாள் காலையில் அந்த வழியா பைக்கில் வர்றவங்களுக்குத்தான் நிஜமான திகில் :-)

வேஷம் கட்டுறது மட்டும் நமக்குப் புதுசில்லை. மாசி மாசம், மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசையில் எங்க பக்கத்து அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். முகத்தில் வண்ணம் பூசி, காளி வேஷம் போட்டு, மேளத்தோட சுடுகாட்டுக்கே போவாங்க. இதைப் பார்த்து வளர்ந்தவனை பிளாஸ்டிக் எலும்புக்கூடு எப்படிப் பயமுறுத்தும்?

சரி, எழுதித்தான் பார்ப்போமேன்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன். அப்பதான் ஒரு விஷயம் மாட்டிச்சு. ஹாலோவீனுக்குப் பூசணிக்காயைக் குடைஞ்சு கண், மூக்கு வெட்டி உள்ளே விளக்கு வைக்கிறாங்களே, அதுக்குப் பேர் ஜாக்-ஓ-லாண்டர்ன். ஆனா பூசணிக்காய் விளக்குக்கு முன்னாடியே அந்தப் பேர் வேற ஒண்ணுக்கு இருந்திருக்கு. ராத்திரியில் சதுப்பு நிலத்து மேல மினுக்கி மினுக்கி அலையும் வெளிச்சத்துக்கு. அட, இது நம்ம கொள்ளிவாய்ப் பிசாசு!

எங்க தாத்தா சொல்லும் கதைகளில் இது முக்கியமான ஆள். ஏரிப் பாசன நிலத்துக்கு ராத்திரி தண்ணி கட்டப் போனால், தூரத்தில் ஏரி ஓரமா நெருப்பு தெரியுமாம். கிட்டே போனா இருக்காதாம். ஏரின்னா சாதாரண ஏரி இல்லை. பல்லவர் காலத்து வைரமேக தடாகம், ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. குடவோலைத் தேர்தலைச் சொல்லும் எங்க ஊர்க் கல்வெட்டில், அந்தக் காலத்தில் ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம்னு ஒரு குழுவே இருந்தது பதிவாகியிருக்கு. அவங்களும் அந்த நெருப்பைப் பார்த்திருப்பாங்களோ என்னவோ.

இந்த வெளிச்சம் எப்படி வருது? சேற்றுக்கு அடியில் காற்றுப் படாமல் செடிகொடிகள் அழுகும்போது மீத்தேன் உண்டாகுது. 1776-ல் இத்தாலியில் அலெஸாண்ட்ரோ வோல்டா ஒரு ஏரியின் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துப் பார்த்தார். தீ வெச்சா எரிஞ்சது. மீத்தேன் கண்டுபிடிக்கப்பட்டது இப்படித்தான். ஆளில்லாத ஏரியில் அதை எது பற்ற வைக்குதுங்கிறதுக்கு மட்டும் இன்னும் ஆராய்ச்சி நடக்குது.

அதே வோல்டாதான் கால்வானி என்பவரோடு செத்த தவளையின் கால் மின்சாரத்தில் ஏன் துடிக்குதுன்னு சண்டை போட்டவர். அந்தச் சண்டையில் பிறந்தது பேட்டரி (1800). செத்த உடம்பில் மின்சாரம் பாய்ச்சினா உயிர் வருமாங்கிற பேச்சும் அப்போ பரவிச்சு. 1816-ல் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீடு. வெளியே ஓயாத மழை. முந்தின வருஷம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடிச்சதில் உலகத்துக் காலநிலையே மாறியிருந்தது. வெளியே போக முடியாத நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்னு போட்டி வெச்சாங்க. அதில் 18 வயசுப் பெண் மேரி எழுத ஆரம்பிச்சதுதான் 1818-ல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்'. முதல் அறிவியல் புனைகதைன்னு பல பேர் சொல்ற கதை, பேய்க்கதைப் போட்டிக்கு எழுதினது! எங்க காலேஜ் போட்டியை இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்.

நம்ம பக்கம் வந்தா சுஜாதா. 'கொலையுதிர் காலம்' படிச்ச ராத்திரி நான் கொல்லைப் பக்கம் போகவே இல்லை. ஒரு பக்கம் ஆவி, இன்னொரு பக்கம் ஹோலோகிராம். எதுன்னு கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவாங்க. (முடிவைச் சொன்னா அடிக்க வருவீங்க.) மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் முக்கியப் பங்கு வகிச்ச இன்ஜினியர் அவர். குடவோலை ஊர்க்காரனுக்கு அதில் ஒரு தனிப் பாசம்.

இவ்வளவும் படிச்சபோது எனக்கு எங்க சித்தி ஞாபகம் வந்தாங்க. சின்ன வயசில் அவங்க திடீர்னு கீழே விழுந்து கை கால் வெட்டி இழுக்கும். "ஏரிக்கரையில் எதையோ பார்த்துப் பயந்துட்டா"ன்னு சொல்லி, மூணு வருஷம் மந்திரிக்கிறவங்க கிட்டதான் கூட்டிப் போனாங்க. வேப்பிலை, சாட்டை எல்லாம் ஆச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு டீச்சர் பிடிவாதமா செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைச்சுப் போனாங்க. வலிப்பு நோய்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. சித்தி இப்ப நல்லா இருக்காங்க, சொந்தமா தையல் கடை வெச்சிருக்காங்க.

எல்லாருக்கும் அப்படி டீச்சர் கிடைக்கலை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வெச்சிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடிச்சது. 28 பேர் செத்துப்போனாங்க. சங்கிலியில் கட்டியிருந்ததால் அவங்களால் ஓட முடியலை. எனக்குத் தெரிஞ்சு இதைவிடத் திகிலான கதை யாரும் எழுதினதில்லை.

தாத்தாவோட கொள்ளிவாய்ப் பிசாசு எனக்கு இன்னும் பிடிக்கும், அதனால யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு மனுஷியைப் பார்த்துப் பேய்னு சொன்னாதான் சிக்கல். சொன்னதுமே எல்லாரும் கேள்வி கேட்கிறதை நிறுத்திடறாங்க. வோல்டா மாதிரி ஒருத்தர் குச்சியை எடுத்துக் கிளற வேண்டியிருக்கு.

அதனால என் கதை இப்படிப் போகும். எங்க ஏரிக்கரையில் இன்ஜினியரிங் பசங்க ஹாலோவீன் பார்ட்டி வைக்கிறாங்க. நடுராத்திரி, தண்ணி மேல வெளிச்சம். எல்லாரும் அலறுறாங்க. ஒருத்தி மட்டும் பாட்டிலை எடுத்துக்கிட்டு இறங்கி, குமிழியைப் பிடிச்சு, மீத்தேன்னு விளக்கம் சொல்றா. எல்லாரும் கைதட்டுறாங்க. கரையேறும்போது அவளுக்கு வலிப்பு வருது. கைதட்டின அத்தனை பேரும் ரெண்டடி பின்னாடி போறாங்க. கூட்டத்தில் யாரோ மெதுவா அந்த வார்த்தையைச் சொல்றாங்க.

இதுவரைக்கும் எழுதிட்டேன். யாராவது ஒருத்தர் முன்னாடி வரணும். யாரை வரவைக்கிறதுன்னுதான் தெரியலை. கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு.